மூவகைப் பந்தயமும் யமுனை ஆறும்

2010-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நம் டில்லி மாநகரில் காமன்வெல்த் விளையாட்டுப் பந்தயங்கள் நடைபெற்றன. அவற்றிற்கெனப் புதுப்பிக்கப்பெற்ற தால்கடோரா நீச்சற்குளத்தையும் ஜவஹர்லால் நேரு மைதானத்தையும் இன்றும் காண்கிறோம். நம் பல்கலைக் கழகத்து வடக்கு வளாகத்திலேயே ரக்பி ஆட்டம் நடந்தது. ஆனால் அந்த ஆண்டுப் பட்டியலில் ஒரு பந்தயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. 2002-இல் மான்செஸ்டரிலும் 2006-இல் மெல்போர்னிலும் நடந்த பந்தயம் அது. டில்லிக்கு வந்தபோது நீக்கப்பட்டு, 2014-இல் கிளாஸ்கோவில் மீண்டும் சேர்க்கப்பட்டது. நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒரு வரிதான்: வீரர்கள் நீந்துவதற்குத் தகுந்த இடம் டில்லியில் இல்லை. ஆற்றங்கரையில் அமைந்த ஒரு தலைநகரைப் பற்றி இப்படிச் சொல்ல நேர்ந்தது.

அந்தப் பந்தயத்தின் பெயர் டிரையத்லான். முதலில் நீந்த வேண்டும். கரையேறியவுடன் சைக்கிளில் ஏற வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியவுடன் ஓட வேண்டும். இதைத் தமிழில் ‘மும்முனைப் போட்டி’ என்று எழுதலாமே என்று தோன்றும். ஆனால் அந்தச் சொல்லைத் தேர்தற்காரர்கள் முன்னமே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகையால் மூவகைப் பந்தயம் என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். இதைத் தொழிலாகவே கொண்டு உலகெங்கும் சென்று போட்டியிடுவோர் பலர் உளர். அவர்களுடைய வாழ்க்கை எவ்வாறு தொடங்குகிறது, எதனால் வளர்கிறது, எங்கே தடைப்படுகிறது என்பதை நம் மாணவ நண்பர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், வேறு பல விளையாட்டுக்களைப் போலன்றி, கல்லூரிப் படிப்பை முடித்த பிறகும் ஒருவர் அடியெடுத்து வைத்து உலகின் முதலிடத்துக்கு வந்த சான்றுகள் இதில் உண்டு.

பந்தயம் மிகப் பழையதன்று. அமெரிக்காவில் சான்டியேகோ நகரத்து மிஷன் விரிகுடாவில் 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் ஓட்டக்காரர் சிலர் கூடி நடத்தியதே முதற்பந்தயமாகக் கருதப்படுகிறது. 1978 பிப்ரவரியில் ஹவாயில் ‘அயன்மேன்’ என்ற நெடும்பந்தயம் தொடங்கியது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் முழு மாரத்தான் ஓட்டமாகிய 42.2 கிலோமீட்டர். அன்று புறப்பட்டவர் 15 பேர்; முடித்தவர் 12 பேர். வென்றவர் கார்டன் ஹாலர் என்னும் டாக்சி ஓட்டுநர். பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டார். 1989-இல் பிரான்சு நாட்டு அவிஞோன் நகரில் உலகச் சங்கம் அமைந்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் நுழைந்தது. ஒலிம்பிக்கில் அளவு சிறியது: 1,500 மீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2006-இல் தோஹாவில் ஆசிய விளையாட்டிலும் இடம் பெற்றது.

இனி, இதன் உள்ளமைப்பைச் சற்று விரிவாகப் பார்ப்போம். வீரர்களின் வாழ்வை ஆட்டிவைப்பது அதுவே. ஒலிம்பிக் அளவில் ஓர் ஆண் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் முழுவதையும் முடிக்கிறார். அதில் நீச்சலுக்கு ஆகும் நேரம் 18 நிமிடத்தை ஒட்டியதுதான். ஆறில் ஒரு பங்கு! அப்படியானால் நீச்சலில் சற்றுப் பின்தங்கினாலும் சைக்கிளில் ஈடு செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். இயலாது. காரணம் காற்று. சைக்கிளில் விரைந்து செல்பவர் தம் வலிமையிற் பெரும்பகுதியைக் காற்றைப் பிளப்பதிலேயே செலவிடுகிறார். முன்னால் ஒருவர் செல்ல, அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் செல்பவருக்கு அந்தச் சிரமம் பெரிதும் குறைகிறது. ஒலிம்பிக் வகையில் இவ்வாறு ஒட்டிச் செல்ல விதி இடம் கொடுக்கிறது. ஆகவே நீரிலிருந்து ஒன்றாகக் கரையேறிய இருபது பேர் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, மாறி மாறி முன்னே சென்று, பறந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு நிமிடம் கழித்துக் கரையேறியவர் தனியே காற்றோடு போராட வேண்டும். ஒரு நிமிடம் இரண்டாகும், இரண்டு மூன்றாகும். முன்னே செல்பவர்கள் அவரை ஒரு சுற்று முந்திவிட்டால், பெரும்பந்தயங்களில் அவரை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஓட்டத்தில் அவர் எவ்வளவு வல்லவராயினும் அதைக் காட்ட வாய்ப்பே இல்லாமற் போய்விடும்.

நீச்சலோ சிறுவயதிலேயே உடம்பில் படிய வேண்டிய கலை. இருபது வயதுக்கு மேல் ஒருவர் ஓட்டத்தைப் பழகி வளரலாம். சைக்கிளைப் பழகி வளரலாம். நீச்சலை மட்டும் அந்த வயதில் தொடங்கி முதல் வரிசைக்கு வருவது அரிதினும் அரிது. ஆகவேதான் பல நாட்டுச் சங்கத்தார் கல்லூரிகளில் நீந்தவும் ஓடவும் வல்ல மாணவரைத் தேடிச் செல்கிறார்கள். சைக்கிளைப் பிறகு கற்றுக்கொடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு பலித்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் க்வென் ஜார்கென்சன். விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் நீந்தினார்; ஓடினார்; கணக்கியலில் முதுகலைப் பட்டம் பெற்று எர்ன்ஸ்ட் அண்டு யங் என்ற புகழ்பெற்ற கணக்காய்வு நிறுவனத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். 2010-இல் நாட்டுச் சங்கத்தார் அவரைத் தேடிப் பிடித்தபோது பந்தயச் சைக்கிள் அவருக்குப் புதிது. இரண்டே ஆண்டில் லண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்றார். அங்கே டயர் பழுதாகி 38-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். 2014, 2015 இரண்டு ஆண்டுகளிலும் உலக வாகையர் அவரே. இடையில் உலகத் தொடர்ப் பந்தயங்களில் பத்துக்கு மேற்பட்டவற்றைத் தொடர்ச்சியாக வென்றார். 2016-இல் ரியோவில் தங்கப் பதக்கம். கணக்கர் மேசையிலிருந்து ஒலிம்பிக் மேடைக்கு ஆறே ஆண்டுகள்!

மற்றொருவர் இங்கிலாந்தின் கிரிஸ்ஸி வெல்லிங்டன். இவருடைய கதையில் நம் இமயமலைக்கும் பங்கு உண்டு. அரசாங்க அலுவலராக இருந்தவர், நேபாளத்தில் கிராமப் பணிக்கு வந்தார். அங்கே மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டார். திபெத்தின் லாசாவிலிருந்து காட்மாண்டு வரை சைக்கிளிலேயே வந்தார். 2007-இன் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகக் கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஹவாய் அயன்மேன் பந்தயத்தில் வென்றார், வயது முப்பது. யாருக்கும் அவர் பெயர் தெரியாத நிலையில் அது நடந்தது. பின்னர் 2008, 2009, 2011 ஆண்டுகளிலும் அங்கே வென்றார். அந்த நெடும்பந்தய அளவில் கலந்துகொண்ட 13 பந்தயங்களில் ஒன்றிலும் தோற்காமல் 2012-இல் ஓய்வு பெற்றார்.

எல்லாருடைய பாதையும் இப்படி ஏறுமுகமாக இருந்ததில்லை. அட்லாண்டிக் கடலில் பெர்முடா என்று ஒரு தீவு. ஏறத்தாழ 64,000 பேர் வாழுமிடம்; நம் கரோல்பாகில் ஒரு மாலைப் பொழுதில் நடமாடும் கூட்டத்தை அங்கே இறக்கினால் தீவு தாங்காது. அத்தீவினரான ஃபிளாரா டஃபி 2008-இல் பெய்ஜிங்கில் பந்தயத்தை முடிக்கவே இயலாமல் திரும்பினார். மனம் சலித்து விளையாட்டை விட்டுவிட்டுக் கொலராடோ பல்கலைக் கழகத்தில் படிக்கப் போய்விட்டார். படிப்பினிடையே மெல்ல மெல்ல விருப்பம் திரும்பியது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அவருடைய நாட்டுக்கே அதுதான் முதல் தங்கம். ஆண்களில் அலிஸ்டர் பிரவுன்லீயைச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்துச் சேர்ந்தவர், சில வாரங்களிலேயே அதை விட்டுத் தம் ஊராகிய லீட்சுக்குத் திரும்பி, அங்கே படித்துக்கொண்டே பயிற்சி செய்தார். 2012-இலும் 2016-இலும் ஒலிம்பிக் தங்கம் அவருக்கே. மருத்துவக் கல்லூரி இடத்தை விட்டுவிட்டு வந்தேன் என்று நம் வீடுகளில் ஒரு பிள்ளை சொன்னால் என்ன நடக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்!

இவர்கள் எல்லாரும் உச்சியைத் தொட்டவர்கள். அவ்வுச்சிக்கு ஏறும் படிகளோ புள்ளிகளால் ஆனவை. ஒலிம்பிக்கில் ஆண்கள் 55 பேருக்கும் பெண்கள் 55 பேருக்குமே இடம். அந்த இடத்துக்கு ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் நாடு நாடாகச் சென்று புள்ளி சேர்க்க வேண்டும். கண்டப் பந்தயத்தில் சில புள்ளி, உலகக் கோப்பையில் சற்றுக் கூடுதல், உலகத் தொடரில் மேலும் கூடுதல். ஆனால் மேற்படிக்குள் நுழையவே கீழ்ப்படியில் போதிய புள்ளி வேண்டும். இதற்கு விமானச் செலவு, சைக்கிளைப் பெட்டியிலிட்டு எடுத்துச் செல்லும் செலவு, தங்கும் செலவு; பந்தயச் சைக்கிளே சில லட்சம் ரூபாய். வருவாயோ மேலே குவிந்து கிடக்கிறது. ஹவாய் அயன்மேன் உலகப் பந்தயத்தில் 2022-இல் முதற்பரிசு 1,25,000 அமெரிக்க டாலர். இடம் கீழே இறங்க இறங்கத் தொகை விரைந்து சுருங்கிவிடும். நடு வரிசையிலுள்ளவர் பரிசுப் பணத்தை நம்பி வாழ இயலாது. நாட்டுச் சங்கத்தின் உதவித் தொகையோ, கம்பெனிகளின் ஆதரவோ, குடும்பத்தாரின் சேமிப்போ இருந்தாக வேண்டும்.

பொருளின்மை ஒரு வீரரின் வாழ்வை எப்படித் திருப்பிவிடும் என்பதற்குத் தமிழர் வெளியே தேட வேண்டியதில்லை. குற்றாலீசுவரன் 1994-இல், சிறுவராக இருந்தபோதே, இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தவர். அவ்வோராண்டிலேயே ஆறு கடற்கால்வாய்களை நீந்தி, மிகிர் சென் அவர்களின் ஐந்து என்ற சாதனையைக் கடந்தார். அர்ஜுனா விருதும் பெற்றார். ஆனால் நெடுந்தூர நீச்சலுக்கு வேண்டிய பொருளுதவி தொடர்ந்து கிடைக்காமையால் போட்டிகளை விட்டுப் பொறியியற் படிப்புக்குச் சென்றார். அவ்வளவு சிறுவயதில் திறந்த கடலில் அத்தகைய திறமை பெற்ற ஒருவர் வேறு சில நாடுகளில் பிறந்திருந்தால், மூவகைப் பந்தயச் சங்கத்தார் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இந்தியர் எவரும் 2024 பாரிஸ் வரை ஒலிம்பிக் மூவகைப் பந்தயத்தில் கலந்துகொண்டதில்லை. தென்னாசிய அளவில் நம் நிலை நன்று. 2016-இல் கௌஹாத்தியில் திலீப் குமாரும் பல்லவி ரேடிவாலாவும் தங்கம் பெற்றனர். 2019-இல் நேபாளத்தில் நடந்த போட்டியிலும் தங்கங்கள் கிட்டின. 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த்தில் நால்வர் கலந்துகொண்டனர். அவர்களுள் ஒருவர் அகமதாபாத்தைச் சேர்ந்த பிரக்ஞா மோகன். பட்டயக் கணக்காளர் தேர்விலும் தேறியவர். ஜார்கென்சனைப் போலவே இவரும் கணக்கர் என்பது வியப்பான ஒற்றுமை. ஆனால் இருவருக்கும் கிடைத்த குளமும் பயிற்சியாளரும் போட்டிகளும் ஒன்றல்ல. அவ்வேற்றுமையே பதக்க வரிசையில் தெரிகிறது. இதற்கிடையே 2019 முதல் கோவாவில் அரை அயன்மேன் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். டில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் டாக்டர்களும் கம்பெனி அதிகாரிகளும் கட்டணம் செலுத்திச் சென்று முடித்துத் திரும்புகிறார்கள். போற்றத் தக்கதே. எனினும் அது வேறு, பரிசுக்கும் புள்ளிக்கும் போட்டியிடும் தொழில்முறை வாழ்வு வேறு. பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன.

காமன்வெல்த் போட்டி நம்மவர்க்கு ஏன் முக்கியம் என்றால், ஒலிம்பிக்கின் கடுமையான புள்ளித் தடையில்லாமலே உலகத் தர வீரர்களுடன் ஒரே நீரில் இறங்கும் வாய்ப்பு அதில் உண்டு. சொந்த நாட்டில் நடந்தால் ஆட்களை அனுப்பும் செலவும் இல்லை. பயிற்சிக்குப் பணமும் வரும். அத்தகைய வாய்ப்பு 2010-இல் கைக்கு வந்து நழுவியது. 2026 கிளாஸ்கோப் போட்டிக்கும் செலவைச் சுருக்கப் பத்தே விளையாட்டுக்களை வைத்துக்கொண்டு, மூவகைப் பந்தயத்தை விலக்கிவிட்டார்கள். நான்காண்டுக்கு ஒரு முறை வரும் போட்டியில் ஒரு முறை விலக்கம் என்பது ஒரு வீரரின் வாழ்வில் பாதி வயதைப் போன்றது.

டில்லிக்கு வருவோம். குளத்தில் நீந்தினால் போதாதா என்று கேட்கலாம். ஐம்பது மீட்டர்க் குளத்தில் முப்பது நீளம் நீந்தினால் 1,500 மீட்டர் ஆகிவிடும்; உண்மைதான். ஆனால் ஐம்பத்தைந்து பேர் ஒரே நேரத்தில் குதிப்பதற்கு வரம்புக் கயிறு கட்டிய குளம் உதவாது. தவிர, திறந்த நீரில் அடியிற் கோடு இல்லை. தலையை உயர்த்தித் தொலைவிலுள்ள மிதவையைப் பார்த்துத் திசை அறிய வேண்டும். பக்கத்திலுள்ளவர் கை தலையிலும் கால் முகத்திலும் படும். இதைப் பழகச் சென்னை மாணவனுக்குக் கோவளத்துக் கடல் உண்டு. டில்லியில் திறந்த குளங்கள் பல குளிர்காலத்தில் மூடப்பட்டுவிடும். அதே குளிர்காலத் தொடக்கத்தில்தான் புகைமூட்டம் வந்து ஓட்டத்தையும் கெடுக்கிறது. டில்லி அரை மாரத்தான் ஓட்டத்தை நவம்பரிலிருந்து அக்டோபருக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. சைக்கிளுக்கோ விடியற்காலை ஐந்து மணிக்குச் சாலையில் இறங்கினால்தான் உண்டு. ஏழு மணிக்கு மேல் உயிரின் மேல் ஆசையுள்ளவர் இறங்கமாட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு யமுனை. இமயத்திலிருந்து அலகாபாத் வரை 1,376 கிலோமீட்டர் ஓடும் இவ்வாற்றில் வஜீராபாத் அணைக்கும் ஓக்லா அணைக்கும் இடைப்பட்ட 22 கிலோமீட்டர் மட்டுமே டில்லி நகரப் பகுதி. நீளத்தில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மாசிலோ முக்கால் பங்குக்கு மேல் இங்கேயே சேர்கிறது. வஜீராபாத்தில் குடிநீருக்காக ஆற்றைத் தடுத்து எடுத்துவிடுகிறோம். அதற்குச் சற்றுக் கீழே நஜப்கர் வாய்க்கால் வந்து கலக்கிறது. கோடையில் அதன் கீழே ஓடுவது ஆற்று நீரே அன்று, பெரும்பாலும் நகரத்துக் கழிவுநீர். குளிப்பதற்குரிய நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாத பிராணவாயு கரைந்திருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ளது. இங்கே பல மாதங்களில் அது இல்லை என்றே சொல்லும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. காளிந்தி குஞ்சில் சட் பூசை நாட்களில் வெள்ளை நுரை மலைபோல் மிதப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சோப்புப் பொருள் கலந்த கழிவுநீர் ஓக்லா அணையில் விழுந்து கலங்குவதால் எழும் நுரை அது.

பாரிஸ் நகரத்தாருக்கும் இதே சங்கடம் இருந்தது. சேன் ஆற்றில் 1923 முதல் நீந்தத் தடை. 2024 ஒலிம்பிக்கின் மூவகைப் பந்தயத்தை அதே ஆற்றில் நடத்துவதென்று முடிவு செய்து, ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவிட்டார்கள். மழைக் காலத்தில் சாக்கடை நிரம்பி ஆற்றில் வழியாதபடி 50,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி ஒன்றை ஆஸ்டர்லிட்சில் கட்டினார்கள். படகு வீடுகளின் கழிவுகளையும் சாக்கடையுடன் இணைத்தார்கள். இவ்வளவுக்குப் பின்னும் தொடக்க விழாவன்று மழை கொட்டியதும் கிருமி அளவு ஏறிற்று. பயிற்சி நீச்சல் ரத்தாயிற்று. ஜூலை 30-இல் நடக்க வேண்டிய ஆண்கள் பந்தயம் மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. நான்காண்டு உழைத்து வந்த வீரர்கள், விடியற்காலை நாலு மணிக்கு நீர்ப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்துக் கிடந்தார்கள். பிறகு நடந்தது, பிரான்சின் கசாண்டர் போகிராண்டும் இங்கிலாந்தின் அலெக்ஸ் யீயும் வென்றார்கள். 2025 ஜூலை முதல் ஊர் மக்களும் அங்கே நீந்தினார்கள்.

பாரிசைப் பார்த்து இங்கும் ஒரு தொட்டி கட்டினால் போதும் என்று எண்ணுவது தவறு. அவர்களுடைய துன்பம் மழை நாளில் வருவது. நம்முடையது நாள்தோறும் வருவது. அவர்கள் ஆற்றில் நீர் இருந்தது. நம் ஆற்றில் கழிவைக் கரைத்துச் செல்ல நீரே விடுவதில்லை. சாக்கடை இணைப்பில்லாத குடியிருப்புக்களை இணைப்பதும், வஜீராபாத்துக்குக் கீழே ஓரளவு நல்ல நீரை ஓட விடுவதும் நடக்காமல் மற்றவை பயன்படா. ஹரியானா, டில்லி, உத்தரப் பிரதேசம் மூன்றும் நீர்ப் பங்கீட்டில் மாறி மாறி வழக்காடும் நிலையில் இது எளிதன்று. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அங்கே சபர்மதி நகரத்தினூடே ஓடுகிறது. டில்லிக்கு இன்னொரு முறை கேட்டால், 2010-இல் சொன்ன பதிலையே நாம் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கிடையில், நம் மன்றத்து உறுப்பினருள் பள்ளிப் பருவத்திலேயே குளத்தில் நீந்திப் பழகியவர்கள் சிலரேனும் இருப்பார்கள். அவர்கள் வரும் ஏப்ரலில் குளம் திறந்ததும் ஒரு கடிகாரத்தை நண்பரிடம் கொடுத்து, 1,500 மீட்டரை நிற்காமல் நீந்திப் பார்க்கட்டும். இருபது நிமிடத்துக்குள் முடிந்தால் பயிற்சியாளரைத் தேடலாம். சைக்கிளை அதன்பின் வாங்கினால் போதும். இருபத்தைந்து நிமிடம் ஆனால், கோவாவுக்குப் பணம் கட்டி மகிழ்ச்சியாகப் போய்வரலாம்.